குரங்கம்மையும் நான் கேட்காத பெயரும்

தொற்றுநோய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பாதுகாப்பு உடையை எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது, சாம்பிளை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பயத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுப்பதில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

புதுச்சேரி நகரத்தில் பொதுச் சுகாதாரச் செவிலியராக என் பணிக்காலம் முழுவதும் இருந்தேன். வாந்திபேதி, டெங்கு, கொரோனா எல்லாவற்றிலும் வீடு வீடாகப் போனவள். ஆனால் எல்லாவற்றையும்விட நான் பயந்தது, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்த ஒரு நோயை வைத்துத்தான். பெயர்களையும் வேறு சிலவற்றையும் மாற்றித்தான் சொல்வேன். யாரென்று கண்டுபிடிக்க நீங்களும் முயல வேண்டாம்.

குரங்கம்மை ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் வெகுகாலமாகவே இருந்தது. அங்கே மட்டும் இருந்தவரை உலகம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அது விமானம் ஏறியது. ஊர் ஊராகப் பரவியது. உலக அளவில் அவசரநிலை என்று அறிவித்தார்கள். வளைகுடாவிலிருந்து கேரளத்துக்குத் திரும்பியவர்களிடம் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊரில் வளைகுடாவில் பிள்ளை இல்லாத தெரு ஏது? வரும் என்று தெரியும். எந்த வீட்டுக்கு என்றுதான் தெரியாது.

முதலில் வந்தவரை சங்கர் என்று வைத்துக்கொள்வோம். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். துபாயில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. விடுமுறைக்கு முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல், பிறகு கொப்புளங்கள். அம்மா அதைப் பார்த்ததும், அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தாளிப்பதை நிறுத்தி, மோரும் இளநீருமாகக் கொடுத்து, அக்கம்பக்கத்தார் யாரையும் உள்ளே விடவில்லை. அந்த வேப்பிலையால்தான் தெரு தப்பித்தது என்று எங்கள் டாக்டர் பிறகு சொன்னார்.

வலி பொறுக்க முடியாமல் சங்கரே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு வந்தார். உட்கார முடியவில்லை, சிறுநீர் போக முடியவில்லை. தோல் மருத்துவர் கொப்புளங்கள் முதலில் எங்கே வந்தன என்று கேட்டார், தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்ததைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சாம்பிள் புனேவிலுள்ள வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது. குரங்கம்மைதான் என்று முடிவு வந்தது.

முடிவு எங்கள் கைக்கு வருவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கோ எடுத்த, முகமெல்லாம் கொப்புளமாக இருந்த ஒரு படத்தைப் போட்டு, ‘பாண்டியில் குரங்கம்மை’ என்று போன் போனாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் முத்தியால்பேட்டைக்குப் போனபோது சங்கரின் அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். பால்காரர் பாக்கெட்டைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். எடுத்துவர யாரும் இல்லாமல் அது வெயிலில் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் பெரியவர். மாடியிலிருந்தபடியே என்னிடம் சொன்னார்: “நான் ஒன்னும் கெட்டவன் இல்லம்மா. பயமா இருக்கு. இவங்கள வேற எங்கியாச்சும் கூட்டிக்கினு போயிடுங்க.”

அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

சங்கரின் அறைக்குள் யார் போவது என்ற பேச்சு வந்தபோது எங்கள் பிரிவிலிருந்த இளைய செவிலியர்கள் தலை கவிழ்ந்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரியம்மை ஒழிந்தபின் பிறந்தவர்கள் அவர்கள். அந்தத் தடுப்பூசியே போட்டுக்கொள்ளாதவர்கள். என் இடது கையில் சின்ன வயதில் போட்ட வடு இருக்கிறது. அந்த ஊசி குரங்கம்மைக்கும் ஓரளவு தடுப்பு என்பார்கள். நான் போகிறேன் என்றேன். நோய்க் கண்காணிப்புப் பொறுப்பிலிருந்த டாக்டர் என்னைவிட மிகவும் இளையவர். என் கையைப் பார்த்தார்.

“அதெல்லாம் எத்தனை வருஷத்துக்கு முன்னாடி போட்டது சிஸ்டர். அத நம்பிக்கினு உள்ள போகாதீங்க.”

“அத நம்பிப் போகல டாக்டர். யாராச்சும் ஒருத்தர் போவணுமில்ல.”

சங்கர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். ஊருக்கு வந்தபின் யார் யாரோடு நெருங்கிப் பழகினீர்கள் என்று கேட்டேன். “அம்மா மட்டுந்தான் மேடம். நான் வெளியவே போகல” என்றார். ஆனால் அவர் அம்மா காலையில் வேறு மாதிரி சொல்லியிருந்தார். வலி அதிகமாகும்வரை சாயங்காலம் ஆனால் கிளம்பிவிடுவானாம், சிநேகிதனைப் பார்க்க. எந்த சிநேகிதன் என்று அம்மாவுக்குத் தெரியாது.

“அம்மா ஏதோ சிநேகிதர்னு சொன்னாங்களே.”

அவர் உடம்பு விறைத்துப்போனதைப் போர்வைக்கு மேலேயே பார்க்க முடிந்தது. “அவங்களுக்கு வயசாயிடுச்சி. ஏதாச்சும் சொல்லுவாங்க. யாரும் இல்ல மேடம்.”

நான் வெளியே வந்து சொன்னதும் டாக்டர் மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். அங்கிருந்த அதிகாரி யோசிக்கவே இல்லை. “போலீஸ்ல சொல்லி போன் நம்பரெல்லாம் எடுத்துடலாம். யாரு கூடப் பேசினான்னு தெரிஞ்சிடும். ஆளப் போயி தூக்கிக்கினு வந்துடலாம்.” ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த ஆள் யாரென்று தெரியாத ஒவ்வொரு மணி நேரமும் நோய் இன்னொருவருக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

ஆனால் நான் வேறொன்றை நினைத்தேன். ஒரு வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் அந்த ஒரு ஆள் கிடைப்பான். அதற்குப் பிறகு இந்த ஊரில் உடம்பில் கொப்புளம் கண்ட ஒருவரும் நம்மிடம் வரமாட்டார்கள். வேப்பிலையும் செருகமாட்டார்கள். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

“சாயந்திரம் வரைக்கும் எனக்கு நேரம் குடுங்க டாக்டர்” என்றேன்.

“அதுக்குள்ள எதுனா ஆயிடுச்சின்னா?”

“ஆயிடலாம்.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொறுப்பு என் தலையில் இல்லை, அவர் தலையில் இருந்தது. அதிகாரியைத் திரும்ப அழைத்து, சாயந்திரம்வரை பொறுக்கச் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். பயந்துகொண்டு சரியானதைச் செய்த மேலதிகாரிகள் சிலரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் அவர் ஒருவர்.

மறுபடியும் உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இந்த முறை யார் என்று கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வலியைப் பற்றிப் பேசினேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்:

“அவங்க வீட்டுல குழந்தைங்க யாராச்சும் இருக்காங்களா?”

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நான் எழுந்துகொள்ளவில்லை.

“பெரியவங்களுக்கு இது பெரும்பாலும் வந்துட்டுப் போயிடும் சங்கர். குழந்தைங்களுக்கு அப்படியில்ல. அதான் கேக்கறேன்.”

அவர் தோள் குலுங்கியது. வலியால் என்று முதலில் நினைத்தேன். “குழந்தை இல்ல மேடம்” என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, “அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா” என்றார்.

முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது. கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகலாம் என்று எனக்குத் தெரியும். என் முகம் கவசத்துக்குள் மறைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

“எங்க ரெண்டு பேர் விஷயம் வெளிய தெரிஞ்சா அவன் செத்துடுவான் மேடம். சும்மா பேச்சுக்குச் சொல்லல. முன்னாடியே ஒரு தடவ சாகப் போனவன்தான்.”

இப்படி ஒரு இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். அவசரப்படுத்தினால் ஒரு உயிர், தாமதித்தால் இன்னொரு உயிர். எது சரி என்று எந்தக் கையேடும் சொல்லாது. என்னால் யோசிக்க முடிந்தது இதுதான்.

“எனக்கு அவர் பேரு வேணாம்” என்றேன். “நீங்களே போன் பண்ணுங்க. என் நம்பரக் குடுங்க. எங்க வரச் சொல்றாரோ அங்க நான் வரேன். தனியா வரேன். யூனிபார்ம் இல்லாம, ஆட்டோவுல.”

“போலீசு?”

“வராது. ஆனா சாயந்திரத்துக்கு மேல என்னால தடுக்க முடியாது. அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்க.”

நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே அவர் பேசும் சத்தம் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்று இன்னும் தள்ளிப்போனேன்.

பிறகு போன் வரவே இல்லை. சாப்பாட்டு வேளை வந்தது, போனது. டாக்டர் அடிக்கடி வந்து கதவருகே நின்று, “வந்துச்சா சிஸ்டர்?” என்பார். மேலிடத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். யாரென்றே தெரியாத ஒருவன் எங்கோ ஒரு கூரையில் கயிறு கட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அடுத்த நிமிடம், அவன் மனைவிக்குத் தட்டில் சோறு போட்டு ஊட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். எது அதிகப் பயமென்று என்னால் சொல்ல முடியவில்லை.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது அவசரத்தில் முதல் முறை எடுக்கத் தவறிவிட்டேன். மறுபடியும் அடித்தது.

“தனியாத்தான வருவீங்க?”

“தனியாத்தான்.”

“தேங்காய்த்திட்டு ஹார்பர். ஐஸ் பேக்டரி பின்னாடி.”

ஆட்டோவை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். மீன் ஏலமெல்லாம் முடிந்து துறைமுகம் ஓய்ந்திருந்தது. கழுவிவிட்ட தரையில் செதில்கள் ஒட்டியிருந்தன. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், படகுகளைக் கட்டும் சுவரின் விளிம்பில் ஒருவர் நின்றிருந்தார். கையெல்லாம் எஞ்சின் எண்ணெய். படகு மெக்கானிக். வலது கையில், மணிக்கட்டுக்கு மேலே ஒரு கந்தலைச் சுற்றியிருந்தார்.

“எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சா?” என்றார்.

“எனக்கு உங்க பேரே தெரியாது தம்பி.”

நம்பாமல் என்னையும் எனக்குப் பின்னாலும் பார்த்தார். “அந்தக் கட்டு எத்தினி நாளா?” என்று கேட்டேன். முந்தாநாள் ஒரு கொப்புளம் வந்ததாகவும், அதற்கு முன் காய்ச்சல் அடித்ததாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே விளிம்பில் இன்னும் ஒரு அடி தள்ளி நின்றார். கீழே எண்ணெய் படர்ந்த ஆழத் தண்ணீர். படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. விழுந்தால் அவற்றுக்கு நடுவில்தான் விழ வேண்டும்.

“மகேசுக்கு எதுனா ஆவுமா?”

மகேஸ்வரி அவர் மனைவி. ஆகாது என்று சொல்லியிருந்தால் பொய். ஆகும் என்று சொல்லியிருந்தால் அந்த விளிம்பில் அவர் நின்றிருக்கமாட்டார்.

“இப்ப எங்கூட வந்தீங்கன்னா ஆவாம இருக்க வழி இருக்கு. நீங்க இங்கியே எதுனா பண்ணிக்கினீங்கன்னா, போலீஸ் வரும், ஊரே வரும், ஏன் எதுக்குன்னு அவங்களத்தான் கேக்கும். புள்ளத்தாச்சி தனியா நின்னு பதில் சொல்லணும்.”

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். யோசிக்கத் திரும்பினாரா, குதிக்கத் திரும்பினாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பிடித்துவிட்டேன். பையில் கையுறை இருந்தது, எடுக்க நேரமில்லை. கந்தல் சுற்றிய மணிக்கட்டுதான் கைக்கு வந்தது. இழுத்த இழுப்பில் கந்தல் நழுவி, என் உள்ளங்கை அந்தக் கொப்புளத்தின் மேலேயே இருந்தது.

அவரும் அதைப் பார்த்தார். “வுடுங்க அக்கா, உங்களுக்கு ஒட்டிக்கும்” என்றார்.

“ஒட்டட்டும். நட.”

அவர் நடந்தார். மருத்துவமனைப் பெயர்ப்பலகை இல்லாத ஒரு வண்டியை டாக்டர் அனுப்பியிருந்தார். மருத்துவமனையில் பெயரைக் கேட்டபோது அவரே சொன்னார்.

வெறும் கையால் தொடாதீர்கள் என்றுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. விதி தெரிந்தும் பிடித்தேன். பிடித்துவிட்டதால் பட்டதையும் கேளுங்கள். வீட்டில் கணவரை வேறு அறைக்கு அனுப்பினேன். தட்டு, துணி, படுக்கை எல்லாம் தனி. அறிகுறி வராதவரை கவசத்தோடு வேலைக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி போதும், அன்று முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்களின் வீட்டு வாசலில் நின்று, பயப்படாதீங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. வடுவா, அதிர்ஷ்டமா, சொல்லத் தெரியவில்லை.

அவர் வந்துவிட்டாலும் பயம் அவரோடு முடிந்துவிடவில்லை. அரியாங்குப்பம் பக்கம் அவர்கள் வீட்டில் மகேஸ்வரி இருந்தார். தையல் கம்பெனியில் வேலை, பிரசவத்துக்காக லீவு. அன்றே போய், உங்கள் வீட்டுக்காரருக்குத் தொட்டுப் பழகுவதில் பரவும் ஒரு அம்மை, தனியாக வைத்துப் பார்க்கிறோம், உங்களையும் தினமும் வந்து பார்ப்பேன் என்றேன். அவர் அழவில்லை. வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

“அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சி சிஸ்டர்?”

ஏதாவது ஒரு பொய் சொல்வது அந்த நேரத்தில் மிகவும் சுலபம். துறைமுகத்தில் யாரிடமிருந்தோ என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. நாம் சொல்லும் ஒரு பொய் பிடிபட்டால், நாளைக்குக் காய்ச்சலைப் பார்த்து நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

“அத நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. உங்களப் பத்தியும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும் நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

சில நாள் உடம்பு சாதாரணமாக இருந்தது. ஒரு காலை நான் போனபோது கதவைத் திறந்தவரின் கண் சிவந்திருந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல். கழுத்துக்குக் கீழே சிவப்பாக இரண்டு புள்ளிகள். “ராத்திரியிலேர்ந்து குழந்தை அவ்வளவா அசையல” என்றார், ஏதோ வீட்டில் தண்ணீர் வரவில்லை என்பதைப் போல. வெளியே வந்து டாக்டருக்குப் போன் போட்டேன். “உடனே கூட்டிக்கினு வாங்க” என்றார். நான் சாயந்திரம்வரை கேட்டு வாங்கிய அந்தப் பிற்பகல்தான் எங்கள் இருவர் மனத்திலும் ஓடியது. அந்த நேரத்தில்தான் தொற்றியதோ? போலீசை அனுப்பியிருந்தால் தப்பித்திருக்குமோ?

அவரைத் தனியறையில் சேர்த்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பைத் தேடி மகப்பேறு மருத்துவர் கருவியை வயிற்றில் நகர்த்திய அந்தக் கொஞ்ச நேரம், இத்தனை வருட வேலையில் நான் கடந்த மிக நீளமான நேரம். பிறகு சத்தம் கேட்டது. வேகமாக, ஒழுங்காக. மகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார். சாம்பிள் புனேவுக்குப் போய், முடிவு வரும்வரை யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. குரங்கம்மை இல்லை என்று வந்தது. சிறுநீர்த் தொற்றால் காய்ச்சல், புள்ளிகள் வெறும் வேர்க்குரு. டாக்டர் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நல்ல முடிவு வந்தது என்பதால் நான் எடுத்த முடிவு சரி என்று ஆகிவிடாது. வேறு மாதிரி வந்திருந்தாலும் அதே முடிவுக்கு நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

இரண்டு ஆண்களும் குணமானார்கள். சங்கரின் அம்மாவுக்கும் நோய் வரவில்லை. ஆனால் முத்தியால்பேட்டை வீட்டை அவர்கள் காலி செய்தார்கள். சங்கர் திரும்ப வளைகுடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு ஒருவர் கொப்புளத்தோடு தானாகவே எங்களைத் தேடி வந்தார். வெறும் அக்கி. ஆனாலும் வந்தாரே என்று நானும் டாக்டரும் அன்று நிம்மதியாக டீ குடித்தோம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, தடுப்பூசி போடும் நாளில் மகேஸ்வரி கைக்குழந்தையோடு வரிசையில் நின்றிருந்தார். பெண் குழந்தை. தன் முறை வந்ததும் என் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சிஸ்டர், அவரு ஆஸ்பத்திரில இருந்தப்ப பக்கத்து ரூம்ல இன்னொருத்தரு இருந்தாரே. அவருக்கு நல்லாயிடுச்சா?”

ஊசி என் கையில் இருந்தது. எவ்வளவு தெரியும் இவருக்கு? கோபத்தில் கேட்கிறாரா, பயத்தில் கேட்கிறாரா, நிஜமாகவே அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்கிறாரா? நான் தவறாக ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வீடு உடையும். துறைமுகத்தில் இருந்ததைவிட அப்போது அதிகம் பயந்தேன்.

“அங்க இருந்த எல்லாருமே நல்லபடியா வீட்டுக்குப் போனாங்கம்மா.”

மகேஸ்வரி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தார். பிறகு குழந்தையின் தொடையிலிருந்து துணியை விலக்கி, அது உதறாதபடி காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“போடுங்க” என்றார்.